கூலி வாங்காமல் அரிசி ஆலையில் நிற்பது: தொழில் தொடங்க முன்னர் எதைப் பார்க்க வேண்டும்?

வயல்வரம்பு:

மாங்குளம் பக்கம் நெல்லை அவித்து, குத்தி, 5 கிலோப் பொதியாகக் கடைகளுக்குக் கொடுக்கிற சின்னத் தொழில் ஒன்று தொடங்கும் யோசனை. நாளுக்கு 500 கிலோ நெல் போதும். கிளிநொச்சியில் ஓர் ஆலையில் கூலி இல்லாமல் இரண்டு கிழமை உதவிக்கு நிற்க ஒழுங்காகியிருக்கிறது. கணக்கு வேலை தெரியும், ஆலை வேலை புதிது. அவிக்கிற முறையை எங்கேயும் வாசித்துப் படிக்கலாம். அங்கே நின்றால்தான் பிடிபடும் என்கிற விசயங்கள் என்னென்ன? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கோ.

உமியடுப்பு:

முதல் மூன்று நாளும் தராசடியை விட்டு அரக்காதையுங்கோ. ஆலைக்குப் போகிற எல்லாரும் நேரே மெசினடிக்குத்தான் போகிறார்கள். இலாபமும் நட்டமும் அதற்கு முன்னமே, சாக்கு தராசில் ஏறும்போதே பாதி முடிந்துவிடும்.

காலபோக வெட்டில் (மாசி, பங்குனி) வெட்டு மெசினிலிருந்து நேரே சாக்குக்குள் விழுகிற நெல்லில் 20 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அரைக்கவும் வைத்திருக்கவும் 14 வீதம் வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குகிறபோது கேட்பதும் அந்த 14தான். 20 வீத ஈரத்தில் 100 கிலோ வாங்கினால் அதில் உலர்ந்த பொருள் 80 கிலோ. 14 வீதத்துக்குக் காய்ந்த பிறகு நிறை 80ஐ 0.86ஆல் பிரித்தால் வருவது, அதாவது 93 கிலோ. 22 வீதத்தில் வாங்கினால் 90.7 கிலோ. யாரும் களவெடுக்காமலே 100 கிலோவில் 7 தொடக்கம் 9 கிலோ வெயிலோடு போய்விடும்.

இப்போது விலையைப் போட்டுப் பாருங்கோ. கணக்குக்காக நெல் கிலோ 100 ரூபா என்று வைப்போம். 93 கிலோ காய்ந்த நெல்லில் 65 வீதம் அரிசி என்றால் 60.5 கிலோ. 10,000 ரூபாவை அதால் பிரித்தால் அரிசி கிலோவுக்கு நெல்லுக்கு மட்டும் 165 ரூபா. ஈரத்தை மறந்து 100 கிலோவுக்கு 65 கிலோ அரிசி என்று போட்டால் 154 ரூபா வரும். கிலோவுக்கு 11 ரூபா வித்தியாசம். பல சின்னத் தொழிலில் மிஞ்சுகிற இலாபமே அவ்வளவுதான். காகிதத்தில் இலாபம் காட்டிய தொழில் கையில் நட்டமாக முடிகிறது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

ஆகையால் ஒரு கொப்பியில் ஒரு தொகுதியை மட்டும் எடுத்து, முதலிலிருந்து கடைசி வரைக்கும் பின்தொடருங்கோ. வந்த நிறை, வந்த ஈரம், தூற்றிய பிறகு நிறை (சப்பி என்கிற பதர், கல், வைக்கோல் எவ்வளவு), அவித்துக் காய்ந்த பிறகு நிறை, அரிசி, குறுணல் (உடைந்த அரிசி), தவிடு, உமி. உமி 20 வீதம் அளவிலும் தவிடு 8 தொடக்கம் 10 வீதம் வரையிலும் வரும். எல்லாவற்றையும் கூட்டினால் அரைக்கப் போட்ட நிறைக்குக் கிட்ட வர வேண்டும். வராவிட்டால் போன நிறை எங்கே போனது என்று தேடுங்கோ. அந்தத் தேடல்தான் இரண்டு கிழமைப் படிப்பு. இப்படி நான்கைந்து தொகுதி வெவ்வேறு ஆட்களின் நெல்லில் எழுதிவிட்டால், எந்தக் கிராமத்து நெல் எவ்வளவு அரிசி தரும் என்று ஆலைக்காரர் ஏன் பார்த்தவுடனே சொல்கிறார் என்பது விளங்கும்.

தராசுத்தட்டு:

உமியடுப்பு அண்ணை சொன்னதோடு தராசைப் பற்றியும் சேர்க்க வேண்டும்.

தட்டுத் தராசின் நடுவில் ஒரு மூட்டையை வைத்து நிறையை எழுதுங்கோ. அதே மூட்டையைத் தட்டின் நாலு மூலையிலும் ஒவ்வொருதரம் வைத்துப் பாருங்கோ. மூலைக்கு மூலை நிறை மாறினால் தராசு சமதரையில் இல்லை, அல்லது அடியில் உணரி ஒன்று பழுது. நெல்லும் கல்லும் தட்டுக்குக் கீழே சிக்கி நின்றாலும் இப்படித்தான் காட்டும், ஆகையால் முதலில் தட்டைத் தூக்கிக் கூட்டுங்கோ. படிக்கல் கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீர்க் கானை நிறுத்து, பிறகு அளந்து 20 லீற்றர் தண்ணீர் ஊற்றி நிறுங்கோ. 20 கிலோ கூட வேண்டும்.

அடுத்தது சாக்குக் கழிவு. சணல் சாக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட நிற்கும். பொலிசாக்கு 100 கிராமும் சொச்சமும். அந்தக் காலத்துப் பழக்கத்தில் எல்லாச் சாக்குக்கும் ஒரு கிலோ கழிக்கிற இடம் இன்னும் இருக்கிறது. பொலிசாக்கில் வந்த 100 மூட்டைக்கு அப்படிக் கழித்தால் விவசாயியின் 90 கிலோ நெல் கணக்கில்லாமல் போகிறது. வாங்குகிறவருக்கு அது இலாபம் போலத் தெரியும். அடுத்த போகத்துக்கு அந்த வீட்டு நெல் வேறு ஆலைக்குப் போய்விடும், ஏன் போனது என்று ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள். நிற்கிற இடத்தில் எப்படிக் கழிக்கிறார்கள் என்று பாருங்கோ, வாய் திறந்து விமர்சிக்க வேண்டாம். உங்கள் தொழிலில் வெறும் சாக்கை நிறுத்து, அதே நிறையைக் கழித்து, துண்டில் எழுதிக் கையில் கொடுங்கோ.

மூட்டை என்றால் எத்தனை கிலோ என்றும் முதல் நாளே கேளுங்கோ. இடத்துக்கு இடம் மாறும். “மூட்டை இன்ன விலை” என்று கதைத்துவிட்டு, கிலோ தெரியாமல் ஒப்புக்கொள்வது கூடாது.

முத்தையன்கட்டு:

ஈரமானி இல்லாத இடத்தில் என்ன செய்வது? எல்லா ஆலையிலும் அது வேலை செய்கிறதாயில்லை.

உமியடுப்பு:

பல்லில் கடித்துப் பார்க்கிற பழக்கம் பிழையில்லை. காய்ந்தது டக்கென்று உடையும், ஈரமானது பல்லில் நசியும். ஆனால் 14க்கும் 16க்கும் வித்தியாசத்தைப் பல் சொல்லாது.

உப்புப் போத்தல் முறை நம்பலாம். ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் கால்வாசிக்கு நன்றாகக் காய்ந்த உப்புத் தூள் போட்டு, மேலே பாதிப் போத்தல் வரும்வரை நெல்லைப் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிப் பதினைந்து நிமிடம் வையுங்கோ. உப்பு போத்தலின் பக்கத்தில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் வைத்திருக்கலாம். மழைக்காலத்தில் உப்பே ஈரமாக இருக்கும், சட்டியில் வறுத்து ஆறவிட்டுத்தான் பாவிக்க வேண்டும். நெல்லை மூட்டையின் மேல்வாயில் மட்டும் எடுத்தால் பிழைக்கும். ஊசிக் குழாயால் நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலந்து பார்க்க வேண்டும்.

மருதநிழல்:

எல்லாரும் நெல்லைப் பற்றிக் கதைக்கிறீர்கள். கூலி இல்லாமல் நிற்கிறவர் எப்படி நிற்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். அது சரிவராவிட்டால் மூன்றாம் நாளே முகத்தைத் திருப்பிவிடுவார்கள்.

முதலாளியிடம் நோக்கத்தை முழுவதும் சொல்லிவிடுங்கோ: இப்படி ஒரு தொழில் தொடங்கப்போகிறேன், இன்ன இடத்தில், இவ்வளவு அளவில். ஒளித்துப் போனால் எப்படியும் தெரியவரும். வன்னியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மாங்குளத்தில் நாளுக்கு 500 கிலோ அவிக்கிறவர் கிளிநொச்சி ஆலைக்குப் போட்டியில்லை, பிறகு அவரிடமே குத்தக் கொடுக்கிற வாடிக்கையாகவும் ஆகலாம். அதை அவருக்கு நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கோ.

கூலிக்காரர் ஒருவரின் வேலையை நீங்கள் சும்மா செய்யக்கூடாது. மூட்டை இறக்குகிற தம்பிமாருக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. ஆர்வத்தில் நீங்கள் பத்து மூட்டை இறக்கினால் அது அவர்களுடைய சாப்பாடு. ஆளில்லாமல் கிடக்கிற வேலையை எடுங்கோ: நிறை எழுதுவது, பழைய பற்றுக் கொப்பியைத் திகதிவாரியாக ஒழுங்குபடுத்துவது, வெறும் சாக்கை எண்ணிக் கட்டுவது, தளம் கூட்டுவது. உங்களுக்குக் கணக்குத் தெரியும் என்றால் அதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய கைமாறு. மாத முடிவில் யார் எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாளாகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் எந்த முதலாளியும் சந்தோசப்படுவார்.

மெசினில் கை வைக்க வேண்டாம். ஓடுகிற பெல்டுக்குப் பக்கத்தில் சாரம், சால்வை, அவிழ்ந்த தலைமயிர், தொங்குகிற சட்டைக்கை ஒன்றும் ஆகாது. சம்பளப் பதிவில் இல்லாத ஆளுக்கு அடிபட்டால் நட்டஈடு கேட்பது கஷ்டம், முதலாளிக்கும் தலையிடி. வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டுங்கோ, தவிட்டுத் தூசும் உமித் தூசும் நெஞ்சைப் பிடிக்கும்.

அவிக்கிற இடத்தில் நிற்கிற அக்காமாரிடம் கேளுங்கோ. முதலாளிக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பரல் (நெல் அவிக்கிற பீப்பா) கொதிக்கிற நேரத்தில் கேட்கக் கூடாது. தேத்தண்ணி நேரத்தில் கேட்டால் மனம்விட்டுச் சொல்வார்கள்.

இரண்டு கிழமை சரியான அளவு. ஒரு மாதத்துக்கு மேல் சும்மா நில் என்று யாரும் சொன்னால் அது பழக்குவதில்லை, சம்பளமில்லாமல் வேலை வாங்குவது.

முத்தையன்கட்டு:

மருதநிழல் அக்கா சொல்வது நூறு வீதம் சரி. இன்னொன்றில்தான் கருத்து வேறு. வெட்டுக் காலத்தில் போகக் கூடாது என்பது என் எண்ணம். மாசி, பங்குனியில் ஆலையில் ஒருவருக்கும் நிமிர நேரமில்லை. சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? வைகாசி, ஆனியில் போனால் ஆறுதலாகப் பார்க்கலாம்.

தராசுத்தட்டு:

ஆறுதலான நேரத்தில் எல்லா ஆலையும் நன்றாகத்தான் நடக்கும். நெருக்கடியில் எது முதலில் உடைகிறது என்று பார்க்கத்தானே போகிறது. மூட்டை வரிசையில் நிற்கும்போது எந்தத் தொகுதியை முதலில் எடுக்கிறார்கள், ஈரநெல்லை இரவுக்கு என்ன செய்கிறார்கள், கரண்ட் போனால் ஊறுகிற நெல்லுக்கு என்ன நடக்கிறது, இதெல்லாம் ஆனியில் தெரியாது. ஈரநெல்லைக் கட்டின சாக்கோடு அடுக்கி வைத்தால் ஒரே இரவில் உள்ளே சூடேறும். கையை விட்டால் சுடும். இரண்டாம் நாள் மணம், பிறகு மஞ்சள் அரிசி. அந்த நெல்லை யாருடைய கணக்கில் போடுகிறார்கள் என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஏலுமென்றால் ஒரு கிழமை பங்குனியில், மற்றக் கிழமை ஆனியில் என்று பிரித்துக் கேளுங்கோ.

வயல்வரம்பு:

பிரித்துப் போவது நல்ல யோசனை, கேட்டுப் பார்க்கிறேன். அவிக்கிற இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? நெல் காயப்போடுகிற தளம் எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்பதும் தெரியவில்லை.

உமியடுப்பு:

தளத்தைத் தண்ணீர்க் கணக்கால் போடுங்கோ. 14 வீத ஈரத்தில் 100 கிலோ காய்ந்த நெல், பச்சைத் தண்ணீரில் 24 தொடக்கம் 36 மணித்தியாலம் ஊறி, ஆவியில் அவிந்து வரும்போது ஈரம் 35 வீதத்துக்குக் கிட்ட வரும். அப்போது அதன் நிறை 132 கிலோ. 32 லீற்றர் தண்ணீரை வெயில் திரும்ப எடுக்க வேண்டும். நாளுக்கு 500 கிலோ என்றால் 160 லீற்றர். மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பினால் ஒரு சதுர மீற்றரில் 17 கிலோவரைதான் பிடிக்கும். அவிந்த நெல் பொருமியிருக்கும், நடந்து கிளறவும் இடம் வேண்டும், ஆக ஒரு நாள் தொகுதிக்கு 40 சதுர மீற்றர். காய இரண்டு நாள் எடுக்கும் என்றால் 80, அதாவது 850 சதுர அடிக்குக் குறையாத தளம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பரலுக்கும் அடுப்புக்கும் காசைப் போட்டுவிட்டுத் தளத்தைச் சின்னதாகக் கட்டுகிறார்கள். பிறகு தடிப்பாகப் பரப்ப வேண்டி வருகிறது. மேல் காய்ந்து கீழ் ஈரமாக நின்று, அதே தொகுதியில் பாதி நொறுங்கிப் பாதி நசியும்.

ஊறவைக்கிற தண்ணீரை இடையில் மாற்றுகிறார்களா என்று பாருங்கோ. மாற்றாமல் ஒன்றரை நாள் விட்டால் புளித்து, அந்த மணம் சோற்றிலும் வரும். வாங்கின வீட்டுக்காரர் திரும்ப வாங்கமாட்டார். பரலில் மேலே மிதக்கிற சப்பியை முதலே அரித்து எடுக்க வேண்டும். வேறு வேறு இன நெல்லை ஒன்றாக ஊறவைப்பதும் பிழை. சம்பா ஊறுகிற நேரமும் மொட்டைக்கறுப்பன் ஊறுகிற நேரமும் ஒன்றில்லை. ஒன்று அவிந்து பிளக்கும்போது மற்றது நடுவில் வெள்ளை விழுந்து நிற்கும்.

ஆவி மேலே வந்த பிறகு மணிக்கூட்டை மட்டும் பார்க்க வேண்டாம். மேல்மட்டத்து நெல் வாயைப் பிளக்கத் தொடங்கினால் இறக்க வேண்டும். வெடித்து அரிசி வெளியே பிதுங்கினால் கூட அவிந்துவிட்டது. நிறம் கறுக்கும், குத்தும்போது தவிட்டோடு போகும். ஒரு நெல்லை உரித்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ. முழுக்கக் கண்ணாடி மாதிரித் தெரிந்தால் சரி. நடுவில் வெள்ளைப் பொட்டு இருந்தால் ஊறினது காணாது அல்லது ஆவி காணாது.

முத்தையன்கட்டு:

காயப்போடுவது பற்றிக் கட்டாயம் ஒன்று. தார் வீதியில் காயப்போடுகிற பழக்கத்தை உங்கள் தொழிலுக்குக் கொண்டுவர வேண்டாம். மத்தியான வெயிலில் தார் கொதிக்கும், நெல்லின் வெளிப்பக்கம் டக்கென்று காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். அப்போது அரிசிக்குள் மயிர்போல வெடிப்பு விழும். உமிக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, மெசினில் போட்ட பிறகு குறுணலாக வரும்போதுதான் தெரியும். ஆட்கள் மெசினைக் குறை சொல்வார்கள், குறை முதல் நாள் வெயிலில். வாகனச் சக்கரம் ஏறினது, சின்னக் கல், எண்ணெய் எல்லாம் வேறு. கல் கடிபட்ட பொதியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அதோடு அந்தக் கடை போச்சு.

சீமெந்துத் தளத்தில் படங்கு விரித்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கிளறி, 18 வீதம் அளவுக்கு வந்ததும் கூட்டிக் குவித்து நிழலில் சில மணித்தியாலம் விடுங்கோ. உள் ஈரம் வெளியே வந்து சமப்படும். பிறகு மீண்டும் பரப்பி 14க்குக் கொண்டுவாங்கோ. காய்ந்த சூட்டோடு மெசினுக்குக் கொண்டுபோகாமல் ஒரு நாள் இரண்டு நாள் ஆறவிட்டுக் குத்தினால் முழு அரிசி கூடும்.

பாற்சாலை:

நெல்லைப் பற்றிய கதைக்குள் பாலைக் கொண்டுவருகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆலையில் இரண்டு கிழமை நிற்கிறவர், ஏலுமென்றால் இரண்டு மூன்று விடியற்காலை பால் சேகரிக்கிற நிலையத்திலும் நிற்க வேண்டும். சம்பந்தமில்லாத தொழிலில் நிற்கும்போதுதான் உங்கள் தொழிலில் எல்லாரும் பழக்கத்தால் விட்டுவிட்ட ஒன்று கண்ணில் படும்.

பாலில் தரத்தைச் சோதித்துத்தான் விலை. லக்டோமீற்றரை (பாலின் அடர்த்தி காட்டுகிற மிதவை) போட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்தால் அது இறங்கும். கொழுப்பை எடுத்தால் ஏறும். கொழுப்பையும் எடுத்துத் தண்ணீரும் விட்டால் சரியான பால்போலவே காட்டும். அதனால்தான் தனியாகக் கொழுப்புச் சோதனை: குழாயில் 10 மில்லிலீற்றர் கந்தக அமிலம், 10.75 மில்லிலீற்றர் பால், 1 மில்லிலீற்றர் அமைல் அற்ககோல், குலுக்கி, நிமிடத்துக்கு 1,100 சுற்று வேகத்தில் நான்கு நிமிடம் சுழற்றி, 65 பாகைத் தண்ணீரில் வைத்து அளவைப் பார்ப்பது. அமிலத்தின் மேல் பாலை மெதுவாகப் பக்கத்தால் விடாவிட்டால் பால் கருகி அளவு தெரியாது. பழுதாகத் தொடங்கின பாலைக் கண்டுபிடிக்க, அதே அளவு அற்ககோலைக் கலந்து பார்ப்பார்கள். திரைந்தால் திருப்பி அனுப்பப்படும். ஒரு வீட்டின் கெட்ட பால் தாங்கிக்குள் விழுந்தால் ஊர்ப் பால் முழுக்கப் போகும், ஆகவே வாசலிலேயே முடிவு.

இதில் ஆலைக்கு எடுக்க வேண்டியது: ஒரே அளவுகோல், விற்கிறவரின் கண்முன்னே, துண்டில் எழுதி. நெல்லில் பெரும்பாலும் கையால் அளைந்து பார்த்து “ஈரம் கூட, இரண்டு கிலோ கழிப்பம்” என்று முடிப்பார்கள். உங்கள் வாசலில் ஈரத்தை அளந்து, 14க்கு மேல் ஒவ்வொரு வீதத்துக்கும் இவ்வளவு கழிவு என்று ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டால் நெல் உங்களைத் தேடி வரும். 15 வீதத்தில் வந்த 100 கிலோ 14க்கு வரும்போது 98.8. ஒரு வீதத்துக்கு 1.2 கிலோ கழிவு நியாயம், அதற்குமேல் காயவைக்கிற கூலியைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கோ, நிறைக்குள் ஒளிக்க வேண்டாம்.

யோகட் செய்கிற இடம் பக்கத்தில் இருந்தால் நிரப்புகிற மேசையைப் பாருங்கோ. 100 லீற்றர் பால் 103 கிலோ, 10 கிலோ சீனி சேர்த்தால் 113. 80 கிராம் கோப்பைக்குக் கணக்குப்படி 1,412. கை கொஞ்சம் தாராளமாகி 84 கிராம் விழுந்தால் 1,345. அறுபத்தேழு கோப்பை காணாமல் போகிறது, ஒருவரும் குடிக்கவுமில்லை. அரிசிப் பொதியிலும் இதே கைதான்.

வயல்வரம்பு:

ஒரு வீதத்துக்கு 1.2 கிலோ என்கிற பலகை மிகவும் பிரயோசனம். காசுப் பக்கம்? எவ்வளவு முதல் வேண்டும் என்று எந்த ஆலையிலும் நேராகக் கேட்க முடியாதே.

கூட்டுறவுக்கொப்பி:

கேட்கத் தேவையில்லை. காசு எந்த நாளில் கை மாறுகிறது என்று பார்த்தால் நீங்களே போடலாம்.

நெல்லுக்கு வயலடியிலேயே காசு கொடுக்க வேண்டும். ஊறி, அவிந்து, காய்ந்து வர 4 நாள். ஆறி, குத்தி, பொதியாகி நிற்பது 3 நாள். கடைக்காரர் மூன்று கிழமைக் கடனில் எடுக்கிறார் என்றால் 21 நாள். மொத்தம் 28 நாள். நாளுக்கு 500 கிலோ, கிலோ 100 ரூபா என்ற அதே கணக்கில் 50,000 ரூபா, 28 நாளுக்கு 14 இலட்சம். இது கூலி, கரண்ட், பொதிச் சாக்கு ஒன்றும் சேராமல், நெல்லில் மட்டும் முடங்கி நிற்கிற காசு. கடன் நாளை 21இலிருந்து 7க்குக் குறைத்தால் 7 இலட்சம் உங்கள் கையில். பெரிய மெசின் வாங்குவதைவிட இரண்டு கடைக்காரரோடு ஒரு கிழமைத் தவணையில் இணக்கத்துக்கு வருவது பெறுமதி கூடியது.

வன்னியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நெல் காலபோக வெட்டிலும் சிறுபோக வெட்டிலும்தான் மலிவு. இரணைமடுவின் கீழ் சிறுபோகம் எவ்வளவு காணி என்பது குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது, ஆகையால் அதை நம்பி நிற்க முடியாது. அரிசி விலை ஏறுவது காலபோக வெட்டுக்கு முன்னர், கார்த்திகை மார்கழியில். அந்த நேரம் வடகீழ்ப் பருவமழை, தளத்தில் ஒரு மூட்டையும் காயாது. ஆகவே விலை கூடுகிற மாதத்தில் விற்க வேண்டிய நெல்லைப் புரட்டாதிக்குள் அவித்துக் காயவைத்து இருப்பில் வைத்திருக்க வேண்டும். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் மூன்று மாத இருப்பு 37,500 கிலோ, 37.5 இலட்சம் ரூபா. அதை வங்கிக் கடனில் எடுத்தால் வட்டியையும் அரிசி விலையில் போடுங்கோ. கையில் இல்லாதவர் முதல் வருடம் ஆட்களின் நெல்லைக் கூலிக்கு அவித்துக் காயவைத்துக் கொடுக்கிற வேலையைப் பாதியளவுக்காவது வைத்துக்கொள்வது நல்லது. நெல்லில் காசு முடங்காது, தளமும் பரலும் சும்மா கிடக்காது.

கடைக்காரர் “10 வீதம் தாங்கோ” என்றால் எதில் 10 என்று கேளுங்கோ. நீங்கள் 230க்குக் கொடுத்து அவர் அதன்மேல் 10 வீதம் வைத்தால் 253. 253இல் 10 வீதம் அவருக்கு என்றால் உங்களுக்கு 227.70. கிலோவுக்கு 2.30 வித்தியாசம், கதைக்கும்போது இரண்டும் ஒரே 10 வீதம்தான்.

ஆலையின் கடன் கொப்பியை மருதநிழல் சொன்னமாதிரி ஒழுங்குபடுத்தக் கிடைத்தால், யார் பெயர் என்று மனதில் வைக்க வேண்டாம், வெளியே கதைக்கவும் வேண்டாம். எந்த வகைக் கடை எத்தனை நாளில் கட்டுகிறது என்பது மட்டும் போதும்.

உமியடுப்பு:

மெசினைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். நீங்கள் குத்துவதை வெளியே கொடுத்தால்கூட இது தெரிந்திருக்க வேண்டும்.

உமி நீக்குகிற றப்பர் றோல் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. வேகமாகச் சுற்றுவது முதலில் தேயும். தேய்ந்ததும் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் மீதி ஆயுளும் கிடைக்கும், சிலர் மாற்றாமல் ஒன்றைத் தேயவிட்டு இரண்டையும் எறிகிறார்கள். ஒரே ஓட்டத்தில் எல்லா நெல்லும் உரிய வேண்டும் என்று றோலை இறுக்கினால் குறுணல் கூடும், றப்பரும் எரியும். 100 நெல்லில் 85, 90 உரிந்து, மிச்சம் திரும்பவும் போவதுதான் சரி. வாயில் விழுகிறதைக் கைப்பிடி எடுத்து 100 மணி எண்ணிப் பாருங்கோ, மெசின் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அதே சொல்லிவிடும். பழைய இரும்பு உருளை மெசினில் உமியும் தவிடும் ஒன்றாக வரும், குறுணல் கூட, அரிசியும் குறைவு. கூலி மலிவு என்று அங்கே கொடுத்தால் 100 கிலோவுக்கு நாலைந்து கிலோ அரிசியை விட்டுக்கொடுக்க வேண்டி வரும்.

எந்த உதிரிப்பாகம் அலுமாரியில் இருக்கிறது, எதற்கு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓட வேண்டும் என்றும் பாருங்கோ. பெல்ட், பெயரிங், றோல், சல்லடை இந்த நாலும் கையிருப்பில் இல்லாத ஆலை வெட்டுக் காலத்தில் ஒரு பெயரிங்கால் இரண்டு நாள் நிற்கும்.

மருதநிழல்:

தவிட்டை மறந்துபோனீர்கள். பச்சரிசித் தவிடு இரண்டு மூன்று நாளில் காறிவிடும், மாடும் முகர்ந்துவிட்டு விடும். அவித்த நெல்லின் தவிடு கொஞ்சம் தாங்கும். குத்துகிற நாளுக்கே வாங்க ஆள் பார்த்து வைக்க வேண்டும். பால் மாடு வைத்திருக்கிற நாலு வீடு நிரந்தரமாக இருந்தால் போதும். குத்துகூலிக்குப் பதிலாக ஆலை தவிட்டை எடுத்துக்கொள்கிறதா, தவிடு உங்களுக்கா என்று முதலே பேசுங்கோ. உமி உங்கள் அடுப்புக்கே போதும், விறகுக்குக் காசு போகாது. சாம்பலைக் குவித்துவிட்டுக் காற்றடிக்கிற நாளில் பக்கத்து வீட்டோடு சண்டை வராதபடி குழி வெட்டுங்கோ.

வயல்வரம்பு:

கடைசியாக ஒன்று. 5 கிலோப் பொதி கடையில் இருக்கும்போதே நிறை குறைகிறது என்று முறைப்பாடு வருகிறதாம். அது உண்மையா?

தராசுத்தட்டு:

உண்மை. 14 வீத ஈரத்தில் 5 கிலோ கட்டி, காற்றுப் போகிற பொலிசாக்கில் வெயில் படுகிற கடையில் நின்று 12 வீதத்துக்கு வந்தால் 4.886 கிலோ. 114 கிராம் குறையும். வாங்குகிறவர் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தால் நீங்கள் ஏமாற்றினதாகத்தான் நினைப்பார்.

அரிசியைப் பொதி கட்ட முன்னர் 13க்குக் கிட்டக் கொண்டுவாங்கோ, உள்ளே பொலிதீன் உறை போட்ட சாக்கு எடுங்கோ. அதற்கும் மேல் 30, 40 கிராம் கூட வையுங்கோ. அந்தக் கூடுதலைக் கணக்கில் எழுதி விலைக்குள் போடுங்கோ, கை போன போக்கில் விட வேண்டாம். ஒவ்வொரு இருபதாவது பொதியையும் எடுத்துத் திரும்ப நிறுத்து எழுதுங்கோ. தராசை வருடா வருடம் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தாரிடம் காட்டி முத்திரை குத்துவியுங்கோ. பொதியில் கட்டின திகதியும் தொகுதி எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். வண்டு வந்து திரும்பினால் எந்தத் தொகுதி, எந்தத் தளத்தில் எந்த நாள் காய்ந்தது என்று கொப்பியைத் திருப்பிப் பார்க்கலாம், மற்றப் பொதிகளையும் கடையிலிருந்து உடனே எடுக்கலாம். பொதிகளைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகைத் தட்டில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கும்படி கடைக்காரருக்கும் சொல்லுங்கோ. தட்டு இல்லாத கடைக்கு நீங்களே ஒன்று அடித்துக் கொடுத்தாலும் செலவு பெரிதில்லை.